சர்வர் தேர்வுக்கு 38 ஆயிரம் ரூபாய் கோச்சிங்: கட்டலாமா?

கேள்வி: டெஸ்க்டாப் சப்போர்ட் வேலையில் மூன்று வருடமாக இருக்கிறேன். வெப் சர்வர் நிர்வாகத்துக்கு மாற ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் 38 ஆயிரம் ரூபாய்க்கு ஆர்எச்சிஎஸ்ஏ கோச்சிங், தேர்வுக் கட்டண வவுச்சர், டம்ப்ஸ் (தேர்வில் வந்த கேள்விகளின் தொகுப்பு) எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். பாஸ் நிச்சயமாம். இந்த வாரமே கட்டினால் 5 ஆயிரம் தள்ளுபடி. கட்டலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். தள்ளுபடி போனால் போகட்டும். உங்களுக்கு வேண்டியது இந்தத் தேர்வுதானா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ, லினக்ஸ் இயங்குதளத்துக்கான பொதுவான நிர்வாகத் தேர்வு. பயனர் கணக்கு, டிஸ்க், ஃபயர்வால், எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) எல்லாம் உண்டு. வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியை ஆழமாகக் கேட்பதில்லை. வெப் சர்வரே பாடமாக இருப்பது எல்பிஐ என்ற அமைப்பு நடத்தும் எல்பிஐசி-2இன் 202ஆம் தாளில். அப்பாச்சி, எச்டிடிபிஎஸ், ஸ்க்விட், என்ஜின்எக்ஸ் நான்கும் அங்கே வரும். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு 201ஆம் தாளும் எழுத வேண்டும். எல்பிஐசி-1 கையில் இருக்க வேண்டும், அதற்கும் இரண்டு தாள். ஆக நான்கு தேர்வுக் கட்டணம்! லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ் இன்னொரு வழி. இரண்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு. முதல் முறை தவறினால் மறுபடி எழுத ஒரு வாய்ப்பு அதே கட்டணத்தில் அடங்கியிருக்கிறது.

மருந்து வாங்கினால் காலாவதித் தேதி பார்க்கிறோம் இல்லையா, இதிலும் பாருங்கள். ஆர்எச்சிஎஸ்ஏ மூன்று வருடம் செல்லும், எல்பிஐ சான்றிதழ்கள் ஐந்து வருடம், எல்எஃப்சிஎஸ் இரண்டு வருடம்.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு ஆர்எச்சிஎஸ்ஏ நல்ல முதல் படி என்றே நினைக்கிறேன். அதை வெப் சர்வர் சான்றிதழ் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, கோச்சிங் வேண்டுமா? இரண்டு மாதம் வீட்டில் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதில் ரெட் ஹேட் லினக்ஸோடு ஒத்துப்போகும் ஆல்மாலினக்ஸையோ ராக்கி லினக்ஸையோ இரண்டு மெஷினாக நிறுவுங்கள். எல்லாமே இலவசம். ரெட் ஹேட்டே தனிநபர்களுக்கான டெவலப்பர் சந்தாவை 16 கணினிகள் வரை காசில்லாமல் தருகிறது.

இந்த ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். அப்பாச்சியை 80க்குப் பதிலாக 82ஆம் போர்ட்டில் (தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) ஓட வையுங்கள். ஸ்டார்ட் ஆகாது. கான்ஃபிக் ஃபைலில் எழுத்துப்பிழை தேடி அரை மணி நேரம் போகும். காரணம் எஸ்இலினக்ஸ். வெப் சர்வருக்கு அது அனுமதித்திருக்கும் போர்ட்களில் 82 கிடையாது. செமேனேஜ் கட்டளையால் சேர்க்க வேண்டும். அடுத்து, உங்கள் ஹோம் டைரக்டரியில் ஒரு பக்கம் எழுதி அதை அப்பாச்சியின் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அனுமதி இல்லை என்று சொல்லும் 403 பிழை வரும். ஃபைல் பெர்மிஷன் சரியாகத்தான் இருக்கும். காப்பி செய்யாமல் நகர்த்தியதால் ஹோம் டைரக்டரியின் எஸ்இலினக்ஸ் லேபிளும் கூடவே வந்துவிட்டது. ரெஸ்டோர்கான் கட்டளை போட்டால் லேபிள் சரியாகும். இனி அடுத்த மெஷினிலிருந்து திறந்து பாருங்கள், ஃபயர்வால் தடுக்கும். அதையும் திறந்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். தானாகத் தொடங்கும்படி சர்வீஸை எனேபிள் செய்யவில்லை என்றால் அப்பாச்சி எழுந்திருக்காது. ஃபயர்வால் விதியை நிரந்தரமாகப் போடவில்லை என்றால் அதுவும் போயிருக்கும். ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் செய்த வேலை ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். பலர் மதிப்பெண்ணை இழக்கும் இடம் இது.

இந்த நான்கு சிக்கலையும் யார் உதவியும் இல்லாமல் அவிழ்க்க முடிந்தால் உங்களுக்குக் கோச்சிங் தேவையில்லை, தேர்வுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். திணறினால் சேருங்கள், தப்பே இல்லை. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் தனி லேப் உண்டா, வவுச்சர் எந்தத் தேதி வரை செல்லும், 18 சதவீத ஜிஎஸ்டி இந்தத் தொகைக்குள்ளா வெளியேயா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

கேள்வி: டம்ப்ஸ் படித்தே பாஸ் செய்தவர்கள் இருக்கிறார்களே, வாங்கினால் என்ன?
– வாசகர், மதுரை

பதில்: ஆர்எச்சிஎஸ்ஏ, எல்எஃப்சிஎஸ் போன்ற செய்முறைத் தேர்வில் கொள்குறி வினாவே கிடையாது. மெஷினைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள், மனப்பாடம் அங்கே உதவாது. எல்பிஐ போல கேள்வித்தாள் இருக்கும் தேர்வுகளில், கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுத உட்காருகிறோம். திருடிய கேள்விகளைப் பயன்படுத்தியது தெரிந்தால் சான்றிதழே ரத்தாகும். பாடத்திட்டத்தை அந்தந்த அமைப்புகளே இலவசமாகத் தருகின்றன. அதைப் பிரின்ட் எடுத்து, செய்து பார்த்ததை ஒவ்வொன்றாக டிக் அடித்து வாருங்கள்.

கேள்வி: பதிவு செய்யும்போது இனிஷியலோடு பெயர் கொடுத்தால் போதுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தேர்வு நாளில் எந்த அடையாள அட்டையைக் காட்டப்போகிறீர்களோ, அதில் இருப்பது போலவே கொடுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகியிருக்கும், வேறு அட்டையில் ஓர் எழுத்தாகவே நிற்கும். பொருந்தாவிட்டால் தேர்வு அறைக்குள் விட மறுக்கலாம். கட்டிய பணமும் போகும். பணம் கட்டும் முன்பே சரிபார்த்துவிடுங்கள் அம்மா.

கேள்வி: 'பாஸ் உறுதி, வேலை உறுதி' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்துவிட்டேன். வழி உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: உண்டு. இப்படிப் பொய் உத்தரவாதம் தரும் கோச்சிங் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டது. 50க்கு மேல் மாணவர்கள் உள்ள மையங்களுக்கு அது பொருந்தும். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.