கணவர் லெபனானில்: அழுதால் விசுவாசக் குறைவா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஐ.நா. அமைதிப் படையில் லெபனான் போயிருக்கிறார். நான் 8 வயது மகனோடும் மாமியாரோடும் கோலாலம்பூர் செத்தாபாக்கில் இருக்கிறேன். லெபனானில் சண்டை என்று செய்தி வந்தால், வாட்ஸ்அப்பில் அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று விடிய விடிய பார்த்துக்கொண்டிருப்பேன். அழுதால், "விசுவாசம் இருந்தால் இப்படி அழுவியா?" என்கிறார் மாமியார். மகனோ, "அப்பாவைச் சுட்டுடுவாங்களா?" என்று கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: சகோதரி, தாராளமாக அழுங்கள். 1 சாமுவேல் 30ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். போருக்குப் போன தாவீதும் அவனுடைய 600 பேரும் சிக்லாகுக்குத் திரும்பியபோது ஊர் எரிந்து கிடக்கிறது. மனைவி மக்களைச் சிறைபிடித்துப் போயிருக்கிறார்கள். அழுவதற்குத் தெம்பே இல்லாமல் போகும்வரை எல்லாரும் அழுகிறார்கள். அதற்கப்புறம்தான் தாவீது கர்த்தருக்குள் தன்னைத் திடப்படுத்திக்கொள்கிறான். அழுததற்காக வேதம் அவனைக் குறை சொல்லவில்லை. 13ஆம் சங்கீதமும் "எதுவரைக்கும்" என்ற புலம்பலோடுதான் தொடங்குகிறது. அதை வாய்விட்டு வாசியுங்கள். அதுவும் ஜெபம்தான்.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. மனைவி மக்களை மீட்கப் போகும் வழியில், களைத்துப்போன 200 பேர் பேசோர் ஆற்றங்கரையில் மூட்டைமுடிச்சுகளோடு தங்கிவிட்டார்கள். போருக்குப் போனவர்களுக்கு என்ன பங்கோ அதே பங்கு இவர்களுக்கும் என்று தாவீது கட்டளையிட்டான். வீட்டில் இருந்துகொண்டு பள்ளி, சமையல், மாமியாரின் மருந்து எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்ப் பார்க்கிற உங்களுக்கும் இந்தப் பணியில் பங்கு உண்டு. இதை நம் சபைகள் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சிக்லாகில் பறிபோனவர்கள் எல்லாரும் திரும்பக் கிடைத்தார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி அமைவதில்லை. அதனால் மகனிடம், "இயேசு இருக்கார், அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏதாவது நடந்துவிட்டால் பிள்ளை அப்பாவோடு சேர்த்து ஆண்டவரையும் இழந்துவிடுவான். "அப்பா ஆபத்தான இடத்தில் வேலை செய்கிறார். பயிற்சி பெற்றவர், கூடவே நண்பர்களும் இருக்கிறார்கள். எனக்கும் பயமாத்தான் இருக்கு. வா, இயேசுகிட்ட சொல்லலாம்" என்று சொல்லுங்கள். மரணமும்கூட நம்மைத் தேவனுடைய அன்பிலிருந்து பிரிக்காது என்று பவுல் எழுதினாரே (ரோமர் 8), நம்முடைய நம்பிக்கை அதில்தான் நிற்கிறது.

இரவு 9 மணிக்கு மகனோடு ஜெபியுங்கள். அங்கே அப்போது பிற்பகல் 3 மணி, கோடைக்காலத்தில் 4 மணி. முடிந்தால் கணவரும் அதே நேரத்தில் ஒரு நிமிடம் ஜெபிக்கட்டும். அப்புறம் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பணியில் இருப்பவர் மணிக்கணக்கில் போனைத் தொடாமல் இருப்பது சகஜம். அவர் 'ஆன்லைன்' வராததைக் கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காக்கிறவர் உறங்குவதில்லை என்று 121ஆம் சங்கீதம் சொல்கிறது. அதனால் நீங்கள் உறங்கலாம்.

மாமியாரைக் கோபிக்காதீர்கள். பிள்ளையை அனுப்பிவிட்டுப் பயத்தை அடக்கிக்கொண்டிருக்கும் தாய் அவர். ஒருநாள் அவரையே ஜெபிக்கச் சொல்லிப் பாருங்கள்.

போதகரிடம் பொதுவாக "ஜெபியுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஆராதனையில் கணவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். புதன்கிழமைகளில் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் வேண்டும் என்றால் அதையும் கேளுங்கள். ராணுவக் குடும்பநல அமைப்பான பாக்காட்டிலும், அதே நிலையில் இருக்கும் மனைவிமாரைப் பார்க்கலாம். மதம் வேறாக இருந்தாலும் அவர்களுடைய கவலையும் இதேதான்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மகன் சாப்பிடாமல் ஒதுங்கினாலோ, அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) போய் மருத்துவரைப் பாருங்கள். நடு இரவில் தாங்க முடியாவிட்டால், மனக்கவலையில் இருப்பவர்களுக்குக் காதுகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். மருத்துவரைப் பார்ப்பதும் உதவி கேட்டு அழைப்பதும் விசுவாசக் குறைவு அல்ல. யாராவது அப்படிச் சொன்னால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.