ஓய்வுக்கு அடுத்த வேகம் எது?

(இயற்பியல் ஆசிரியரான நம் உறுப்பினர் ஒருவர் மாவட்டத்து அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

தக்கலை: சார், பூஜ்யத்துக்கு மேல் மிகக் குறைந்த வேகம் என்று ஒன்று உண்டா?

இல்லை. ஒளிவேகம் மேல் எல்லை. கீழே அப்படி எல்லை கிடையாது. ஓய்வு என்பதே பார்ப்பவரைப் பொறுத்தது. விவேகானந்தர் பாறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரும் பூமியின் சுழற்சியோடு மணிக்குச் சுமார் 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

குளச்சல்: மிகச் சிறிய அளவுகள் என்று சொல்லப்படும் பிளாங்க் நீளத்தைப் பிளாங்க் நேரத்தால் வகுத்தால் அந்த வேகம் வராதா?

வகுத்துப் பாருங்கள். 1.6×10⁻³⁵ மீட்டரை 5.4×10⁻⁴⁴ நொடியால் வகுத்தால் வருவது ஒளிவேகம்! இன்னொன்று: இடம் கட்டம் கட்டமாக இருக்கிறது என்று எந்தச் சோதனையும் இதுவரை காட்டவில்லை. பிளாங்க் நீளத்தைக் கடைசிச் செங்கல்லாக நினைக்காதீர்கள்.

மார்த்தாண்டம்: வடசேரியில் நிற்கும் பஸ் கிளம்புகிறது. பூஜ்யத்துக்கு அடுத்து ஏதோ ஒரு வேகம் அதற்கு வந்துதானே ஆகணும்?

எந்த வேகத்தைச் சொன்னாலும், அதில் பாதி வேகத்தை பஸ் அதற்கு முன்பே தொட்டிருக்கும். அந்தப் பாதிக்கும் ஒரு பாதி உண்டு.

மார்த்தாண்டம்: அப்படியானால் பஸ் கிளம்பவே முடியாதே சார்!

நல்ல கேள்வி தம்பி. ஓய்வின் கடைசிக் கணம் உண்டு. இயக்கத்தின் முதல் கணம் கிடையாது. கடைசிக் கணத்துக்குப் பிந்திய எந்த நேரத்தை எடுத்தாலும் பஸ் ஓடிக்கொண்டிருக்கும். கிளம்புவதற்கு அது போதும். பூஜ்யத்துக்கு அடுத்த எண் என்று ஒன்று தேவையே இல்லை.

குலசேகரம்: அணு அளவு உலகைச் சொல்லும் குவாண்டம் இயற்பியலில் எல்லாமே படிப்படியாகத்தானே?

அடைபட்ட துகளுக்கு மட்டும் அப்படி. பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானின் அலையில் குறைந்தது அரை அலைநீளமாவது பெட்டிக்குள் பொருந்த வேண்டும். அலைநீளம் கூடினால்தான் வேகம் குறையும்; பெட்டி அதைக் கூட விடாது. அதனால் அதன் வேகம் ஓரளவுக்குக் கீழே போகாது. ஒரு நானோமீட்டர் பெட்டியில் அது நொடிக்குச் சுமார் 360 கி.மீ. பெட்டியை ஒரு மீட்டராக்கினால் நொடிக்கு 0.36 மில்லிமீட்டர்தான். பெட்டி பெரிதாகப் பெரிதாக வேகம் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே அந்த எல்லையை வைத்தது பெட்டிதான், இயற்கை இல்லை. திறந்த வெளியில் எலக்ட்ரானுக்கு எந்த வேகமும் ஆகும். ஒரு மீட்டர் பெட்டியில் ஒரு கிலோ கல்லுக்கு இதே கணக்கைப் போட்டால் நொடிக்கு 3.3×10⁻³⁴ மீட்டர். பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளும் அது நகர்ந்தாலும் ஒரு புரோட்டானின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குகூடக் கடக்காது.

நாகர்கோவில்: ஒளியையே நிறுத்திவிட்டார்களாமே?

1999-இல் ஒளித்துடிப்பை நொடிக்கு 17 மீட்டருக்குக் குறைத்தார்கள், 2001-இல் நிறுத்தினார்கள். அது ஊடகத்துக்குள், அதாவது ஒளி கடந்துபோகும் பொருளுக்குள், நடப்பது. வேறு சங்கதி.

கருங்கல்: பிளாங்க் நீளம்தானே மிகச் சிறிய அடி?

குளச்சல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இரணியல்: ஒரு பிளாங்க் நீளத்தை நகர...

மேலே படியுங்கள் என்று இப்போதுதான் சொன்னேன். பிளாங்க் கேள்விகளை இனி எடுக்கமாட்டேன்.

மார்த்தாண்டம்: சார், பஸ் நிற்கும்போதும் இதே கதைதானா?

ஆமாம், திருப்பிப் போட்டால் போதும். இயக்கத்துக்குக் கடைசிக் கணம் இல்லை, ஓய்வுக்கு முதல் கணம் உண்டு.