சி.பி.எஸ். 5 என்றால் எதிர்ப்புச் சக்தி அவ்வளவுதானா?

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. பல வருடம் புகையிலை போட்டவர். கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் வந்து ஆபரேஷனும் ரேடியேஷனும் செய்தோம். பத்து மாதத்தில் கழுத்தில் மறுபடி கட்டி. இனி ஆபரேஷன் முடியாது என்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘பி.டி.-எல்1, சி.பி.எஸ். 5’ என்று இருக்கிறது. ரத்தத்தில் நியூட்ரோஃபில் 82%, லிம்போசைட் 9%. “நூற்றுக்கு 5தான் எதிர்ப்புச் சக்தி, அதிக நாள் இல்லை” என்கிறார் ஓர் உறவினர். உண்மையா? நிலவேம்புக் கஷாயம் கொடுத்தால் இது கூடுமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உறவினர் சொன்னது தவறு, அம்மா. அந்த 5 உங்கள் அப்பாவின் உடல் வலிமையையோ எதிர்ப்புச் சக்தியையோ அளந்து போட்ட எண் இல்லை. கட்டியிலிருந்து எடுத்த ஒரு துண்டுச் சதையைப் பற்றிய எண்.

நம் உடலின் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் புற்றுச் செல்லைக் கண்டால் தாக்க வேண்டும். பி.டி.-எல்1 என்ற புரதம் அவற்றை அடக்கிவைக்கிறது. இது புற்றுச் செல்லின் மேலும் இருக்கும், சுற்றியுள்ள சில எதிர்ப்புச் செல்களின் மேலும் இருக்கும். உயிருள்ள புற்றுச் செல்கள் 100 இருந்தால், இந்தப் புரதம் உள்ள இரண்டு வகைச் செல்களும் சேர்த்து எத்தனை என்பதுதான் சி.பி.எஸ். இந்த அடக்குமுறையை உடைக்கும் இம்யூனோதெரபி மருந்து எந்த அளவுக்கு வேலை செய்யலாம் என்று ஊகிக்கவே அதைப் பார்க்கிறோம். ஒரே ஆளிடம் பழைய கட்டியில் ஓர் எண்ணும் புதுக் கட்டியில் வேறோர் எண்ணும் வரலாம். அதனால் சோதனை எந்தச் சதையில் செய்தது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

1-க்குக் கீழே, 1 முதல் 19 வரை, 20-ம் அதற்கு மேலும் என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். அப்பா நடுப் பிரிவில் இருக்கிறார். 2019-இல் வெளியான கீநோட்-048 என்ற பெரிய ஆய்வு, திரும்பி வந்த அல்லது பரவிய தலை, கழுத்துப் புற்றுநோயில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைப் பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டது. சி.பி.எஸ். 20-ம் அதற்கு மேலும் இருந்து இந்த மருந்து எடுத்தவர்களில் சரிபாதிப் பேர் 14.9 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். பழைய சிகிச்சையில் அது 10.7 மாதம். 1-ம் அதற்கு மேலும் இருந்த எல்லோரையும் சேர்த்தால் 12.3 மாதமும் 10.3 மாதமும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த மருந்து எடுத்தவர்களில் ஒரு சிறு கூட்டம், நூற்றுக்கு 15 பேர் போல, ஐந்து ஆண்டுக்குப் பிறகும் இருந்தது. நோய் கடுமையானது என்பதை மறைக்க மாட்டேன். அப்பா எந்தப் பக்கம் இருப்பார் என்று ‘5’ சொல்லாது என்பதும் அதே அளவு உண்மை. கட்டி வேகமாக வளர்ந்து தொந்தரவு தந்தால், இந்தப் பிரிவில் இம்யூனோதெரபியோடு கீமோவையும் சேர்த்துக் கொடுப்பதையே நான் விரும்புவேன். தனியாகக் கொடுத்தால் கட்டி சுருங்குகிறவர்கள் குறைவு.

செலவு பயமுறுத்தும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் இதற்காகவே ஓர் ஆய்வு செய்து 2022-இல் வெளியிட்டார்கள். மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப் என்ற மூன்றோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து. வழக்கமான டோஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மூன்று மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16 சதவீதம், நிவோலுமாபும் சேர்த்தவர்களில் 43 சதவீதம். நம் ஊர் நோயாளிகளிடம், நம் ஊர் நோயில் கிடைத்த பலன் இது. அப்பாவுக்கு இது ஒத்துவருமா என்று கட்டாயம் கேளுங்கள்.

அடுத்து ரத்த எண். நியூட்ரோஃபிலும் லிம்போசைட்டும் ரத்த வெள்ளை அணுவின் இரண்டு வகைகள். 82-ஐ 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 வருகிறது. இந்த விகிதம் கூடுதலாக இருப்பவர்களுக்கு நோய்ப்போக்கு பொதுவாகச் சற்று மோசம் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் ரேடியேஷன் லிம்போசைட்டைப் பல மாதம் குறைத்துவைக்கும். வாயில் புண்ணோ சீழோ இருந்தாலும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போட்டிருந்தாலும் நியூட்ரோஃபில் ஏறும். எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை எண்ணும் இதற்குக் கிடையாது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அழ வேண்டாம்.

நான் நேரில் பார்த்தால் முதலில் கேட்பது வேறு: அப்பா எழுந்து நடக்கிறாரா, தானே குளிக்கிறாரா, எடை எவ்வளவு இறங்கியது? சிகிச்சையைத் தாங்குவாரா என்பதை இவைதான் சொல்லும். விழுங்க முடியவில்லை என்றால் மூக்குவழிக் குழாய்க்குத் தயங்காதீர்கள். பால், முட்டை, கஞ்சி, பருப்புத் தண்ணீர் என்று சத்து உள்ளே போகட்டும். புகையிலை இன்னும் மிச்சம் இருந்தால் இன்றே நிற்கட்டும். வலிக்கு மார்ஃபின் எழுதினால் ‘கடைசிக் கட்டம்’ என்று பயந்து மறுக்க வேண்டாம். வலி அடங்கினால்தான் சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும்.

நிலவேம்பு சி.பி.எஸ்.ஸை மாற்றாது. சிகிச்சை நடக்கும்போது ஈரலையும் சிறுநீரகத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் கஷாயம் வந்தால் எதனால் கோளாறு என்று பிரித்தறிவது சிரமம். நிறுத்திவிடுங்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இம்யூனோதெரபி தொடங்கினால் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். தூண்டப்பட்ட எதிர்ப்பு அணு குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ தாக்கலாம். தொடர்ந்து வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சு வாங்குதல், விடாத இருமல், மிகுந்த அசதி என்று எது வந்தாலும் அடுத்த ஊசித் தேதி வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள்.