வேகம் குறைந்த ரவையும் வட ஒன்ராறியோ முயலும்: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வவுனியாவிலிருந்து பிஆரோடு (நிரந்தர வதிவுரிமையோடு) வந்து, வட ஒன்ராறியோவில் ஒரு மர ஆலையில் வேலை செய்கிறீர்கள். கூட வேலை செய்யும் கனேடியர் ஒருவர் தன்னுடைய முப்பது-முப்பது (.30-30) என்ற மான் றைபிளுக்கு வேகம் குறைந்த ரவைகளை வீட்டிலேயே செய்து முயல் வேட்டைக்குப் போகிறார். அதற்கான சாமான்களை உங்களையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா, எங்களைப் போல வந்தவர்களுக்குத் துவக்கு வைத்திருக்க அனுமதி உண்டா, மனைவி பயப்படுகிறா, அவவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

அனுமதி உண்டு. ஆனால் ரவை செய்யும் சாமான்களை இந்த வருடம் வாங்க வேண்டாம். முதலில் லைசென்ஸ், பிறகு சின்ன ரவை போடும் ஒரு .22 துவக்கு, ரவை செய்வது அதற்கும் பிறகு. ரவைக்குள் போடும் வெடிமருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை, அதனால்தான் இப்படி அடித்துச் சொல்கிறேன்.

சாதாரண வேட்டைத் துவக்குக்கு பிஏஎல் என்ற துவக்கு லைசென்ஸ் வேண்டும். 18 வயது முடிந்தவர், பாதுகாப்பு வகுப்புக்குப் போய் எழுத்திலும் செய்முறையிலும் பாஸாக வேண்டும். விண்ணப்பம் ஆர்சிஎம்பி என்ற மத்திய பொலிசுக்குப் போகும். முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் அதைவிட நீளும். குடியுரிமை தேவையில்லை, பிஆர் போதும். பிரிவு, வேலை இழப்பு, மனச்சோர்வு ஏதும் இருந்ததா என்று படிவத்தில் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆம் என்று எழுதினால் விசாரிப்பார்கள், அவ்வளவுதான். பொய் எழுதினால்தான் அது குற்றம்.

அதே படிவத்தில் மனைவியின் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது. அவ வைக்காவிட்டால் அவவுக்கு அறிவிப்பார்கள். ஆகவே தங்கச்சியின் பயத்தைப் பேசிச் சமாளித்துவிட்டு நகர வேண்டாம். எங்கள் ஊரில் துவக்கு யார் கையில் இருந்தது, எதற்கு இருந்தது என்று பார்த்து வளர்ந்தவ. அந்தப் பயத்தில் முழு நியாயம் இருக்கிறது. விருப்பம் என்றால் வகுப்புக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று தன் கையாலேயே திறந்து பார்க்கத் தெரிந்தால், வீட்டில் அது இருக்கலாமா வேண்டாமா என்பதை அவவும் தெளிவாகச் சொல்லுவா. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வேட்டைக்கு ஒன்ராறியோவில் தனியாக அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை, வேட்டைக் கல்வி வகுப்பு, சிறு விலங்கு லைசென்ஸ் எல்லாம் வேண்டும். மாகாண வதிவாளர் என்று கணக்கெடுக்க ஆறு மாதம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். மான், மூஸ் துவக்கு சீசனில் முயலுக்குப் போகிறவரும் செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் போட்டே ஆக வேண்டும். எல்லாம் கையில் வரும்வரை அந்த நண்பரோடு வெறுங்கையோடு நடந்து போங்கள். முயலை எங்கே பார்ப்பது என்பதைப் படிக்கவே ஒரு குளிர்காலம் சரியாகிவிடும்.

சரி, இனி ரவைக்கு வருவோம். கடையில் விற்கும் முப்பது-முப்பது ரவையில் 11 கிராம் சன்னம் (குழலால் பறந்துபோகும் ஈயத்துண்டு) விநாடிக்கு ஏறக்குறைய 670 மீற்றரில் போகும். அது மானுக்கானது. சாதாரண வேக .22 ரவையோ 2.6 கிராம், விநாடிக்கு 325 மீற்றர் அளவு. இரண்டுக்கும் இடையில் சக்தி வித்தியாசம் பதினைந்து மடங்குக்கு மேல். முன்னதால் முயலைச் சுட்டால் கறி முழுக்க இரத்தம் கட்டி வீணாகும். அதனால்தான் மான் றைபிள் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறவர்கள், ஈயச் சன்னமும் கொஞ்சம் மருந்தும் போட்டு அதன் வேகத்தை .22 அளவுக்கு இறக்குகிறார்கள். அதே துவக்கு, அதே குறிக்காட்டி, அதே விசை. முயலோடு பழகிய கை மானுக்கும் நடுங்காது. சத்தமும் உதையும் குறைவு. நல்ல கலை இது, உங்கள் நண்பரைக் குறை சொல்லவில்லை.

சத்தம் குறைவு என்றால் ஒலியைவிட மெதுவாகப் போகும் சன்னத்தில் சாட்டையடி போன்ற சத்தம் வராது என்று அர்த்தம். குழல் வாயில் வெடிக்கும் சத்தம் இருக்கும். நியூசிலாந்துக்காரர் வீடியோக்களில் குழல் முனையில் மாட்டும் சத்தக்குறைப்பான் இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அதைத் தேடவே தேடாதீர்கள். இன்னொன்று, ஒலியின் வேகம் 20 பாகையில் விநாடிக்கு 343 மீற்றர், மைனஸ் 20இல் 319தான். கோடையில் ஒலிக்குக் கீழே நின்ற அதே வேகம் ஜனவரியில் ஒலிக்கு மேலே இருக்கலாம். குளிரில் மருந்தும் கொஞ்சம் மந்தமாக எரியும். ஆகவே ஓகஸ்டில் பார்த்த குறியை நம்பி ஜனவரியில் காட்டுக்குள் போகக் கூடாது.

இப்போது ஆபத்து. ரவையின் பெரிய வெற்றுக் கோதுக்குள் சின்ன அளவு மருந்து அடியில் கிடக்கும். கவனம் சிதறி அதே கோதுக்குள் இரண்டாம் தரம் கொட்டினாலும் வழியாது, வெளியிலிருந்து தெரியவும் மாட்டாது. அதைச் சுட்டால் துவக்கு உடையும், முகத்துக்கு முன்னால். பொறுப்பாகச் செய்கிறவரின் மேசையில் பாருங்கள். கோதுகள் பலகைத் துளைகளில் வாய் மேலே பார்க்க வரிசையாக நிற்கும். மேசையில் ஒரேயொரு மருந்துப் போத்தல்தான் இருக்கும். சன்னம் வைக்குமுன் ஒவ்வொரு வாய்க்குள்ளும் டோர்ச் அடித்து, மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். ரேடியோ, தொலைபேசி, பேச்சு எதுவும் இருக்காது. உங்கள் நண்பர் அப்படித்தான் செய்கிறாரா என்று கவனியுங்கள். கதைத்துக்கொண்டே செய்கிறார் என்றால் அவரிடம் பழக வேண்டாம். இதற்கென்றே ட்ரெயில் பாஸ் என்று, நடுவில் துளையுள்ள வளையங்களாகக் கோதை நிரப்பும் ஒரு மருந்து உண்டு, இரண்டு தரம் போட்டால் வழிந்துவிடும். சில வருடங்களாகக் கடைகளில் அதைக் காண்பதே அரிது.

மற்றப் பக்க ஆபத்து, மருந்து போதாமல் சன்னம் குழலுக்குள்ளேயே நின்றுவிடுவது. செம்பு உறை போட்ட சன்னம் ஈயத்தைவிட இறுக்கமாகப் போவதால் சுலபமாக நிற்கும். விசையை இழுத்ததும் சத்தம் வழமையைவிட மெலிந்து கேட்டால் அடுத்த ரவையைச் சுடவே கூடாது. ரவைகளை எடுத்துவிட்டு, கோல் விட்டுக் குழல் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மருந்துகளைக் குறைக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்களே அச்சிட்டு எச்சரிக்கிறார்கள். அதனால் எத்தனை கிரெயின் (மருந்தை நிறுக்கும் அளவு) போடுவது என்று நான் எழுதமாட்டேன், வேறு யார் சொன்னாலும் எடுக்க வேண்டாம். மருந்துக் கம்பனியின் புத்தகத்தில் உங்கள் ரவைக்கும் உங்கள் சன்னத்துக்கும் போட்டிருக்கும் அளவு மட்டும்தான். முப்பது-முப்பது பெரும்பாலும் குழாய்க்குள் ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் துவக்கு. அதற்குக் கூர்ச்சன்னம் கூடாது, தட்டைமூக்குத்தான். கூர்முனை முன்னால் நிற்கும் ரவையின் பிரைமரில் (அடித்தால் தீப்பிடித்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதியில்) குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம்.

ரவையைத் தன் சொந்தப் பாவனைக்குச் செய்வது கனடாவில் சட்டப்படி சரி, மருந்து வாங்க லைசென்ஸ் காட்ட வேண்டும். வீட்டில் வைக்கும் அளவுக்கும் எல்லை உண்டு. அப்பார்ட்மென்ட் என்றால் வீட்டுக்காரரோடும் காப்புறுதியோடும் கதைக்காமல் தொடங்க வேண்டாம். துவக்கை வெறுமையாக்கிப் பூட்ட வேண்டும், ரவையைத் தனியே வைக்க வேண்டும். இதில் தவறினால் அது குற்றவியல் வழக்கு, பிஆர்காரருக்குக் குடிவரவுச் சிக்கலும் சேர்ந்து வரும். ஈயம் உருக்கிச் சன்னம் வார்ப்பது சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

.22 உங்களுக்கு இந்தத் தலையிடி ஒன்றும் தராது. அதன் பிரைமர் கோதின் விளிம்புக்குள் இருப்பதால் திரும்பச் செய்யவும் முடியாது, கடையில் வாங்குவதுதான், விலையும் குறைவு. இங்கத்தைய முயல் டிசம்பரில் வெள்ளையாகிவிடும். ஸ்னோ பிந்தினால் பழுப்புத் தரையில் வெள்ளையாகக் குந்திக்கொண்டிருக்கும். ஸ்னோ விழுந்த பிறகோ முதலில் தெரிவது கறுப்புக் கண்ணும் காது நுனியும்தான். தாழ்ந்த ஊசியிலைக் கிளைகளுக்குக் கீழே அசையாமல் இருக்கும், இருபது முப்பது மீற்றர் தூரத்தில் தலைக்குக் குறி வைக்கலாம். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். மெதுவான சன்னம் உறைந்த தரையிலும் ஐஸிலும் பட்டுத் தெறித்து எங்கோ போகும். உரிக்கும்போது கையுறை போடுங்கள், துலரீமியா என்ற நோய் முயலிலிருந்து தொற்றும். கறியை நன்றாக வேகவிடுங்கள். கொழுப்பே இல்லாத இறைச்சி, மெல்லிய நெருப்பில் நேரமெடுத்து வைத்தால் எங்கள் கறித்தூளுக்கு அருமையாக வரும்.

பாதுகாப்பு வகுப்புகள் இலையுதிர் காலம் நெருங்கும்போது நிரம்பிவிடும். பெப்ரவரி, மார்ச்சிலேயே இடம் பதிந்துவிடுங்கள்.