உலோகத்தில் தசைநாண் ஒட்டும் ஆராய்ச்சி: பொண்ணை எந்த பி.இ.யில் சேர்ப்பது?

வணக்கம் சார். பொண்ணுக்கு பயோமெடிக்கல்தான் வேண்டுமாம், உங்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சரியாம், வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இரண்டு பேருக்குமே முழுசாகப் பிடிக்காது. அவள் ஆசைப்படுகிற வேலை, அதாவது உடம்புக்குள் வைக்கும் உலோகத்தில் தசைநாணை ஒட்டவைக்கும் ஆராய்ச்சி, நிஜமாகவே இருக்கிற வேலை, கற்பனை இல்லை. ஆனால் அங்கே போவதற்கு பி.இ.யிலேயே பயோமெடிக்கல் எடுக்கத் தேவையில்லை, மெட்டலர்ஜி (உலோகவியல்) அல்லது மெக்கானிக்கல் முடித்துவிட்டு மேற்படிப்பில் உடம்புப் பக்கம் திரும்புவதுதான் நல்லது என்பது என் கட்சி.

முதலில் அவள் எதைப் பார்த்து மயங்கினாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் அவளிடம் பேச முடியும். ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, அதுவும் முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் வரும். மூட்டுக்குக் கீழே இருக்கிற எலும்பின் மேல்முனையில் வந்துவிட்டால் அந்தத் துண்டையே எடுத்துவிட்டு உலோகத்தால் செய்ததை வைப்பார்கள். எலும்புக்கு மாற்று கிடைத்துவிட்டது, சரி, முட்டிச் சில்லிலிருந்து இறங்கி வந்து அந்த எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்த தசைநாணை எங்கே கட்டுவது? அது பிடிக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளையால் காலை நீட்டவே முடியாது. வழவழப்பான உலோகத்தில் தையல் போட்டு மட்டும் வைத்தால் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். இன்றைக்கும் பல இடங்களில் கெண்டைச் சதையைத் திருப்பி மேலே போர்த்தியோ, பாலியெஸ்டர் வலைக்குழாயைச் சுற்றியோதான் சமாளிக்கிறார்கள். நுண்துளை உலோகம் இங்கேதான் வருகிறது: முதல் சில வாரங்கள் தையல் பிடித்துக்கொண்டிருக்க, அதற்குள் நார்த்திசுவும் ரத்தக்குழாயும் துளைக்குள் வளர்ந்து அதுவே பிடிப்பாக மாறவேண்டும் என்பது திட்டம்.

இதில் பேர்போன உலோகம் டான்டலம். செய்கிற விதமே அழகு. பாலியூரித்தேன் நுரைப்பஞ்சைச் சூடாக்கிக் கரிக்கூடாக மாற்றி, அந்தக் கூட்டின் ஒவ்வொரு கம்பியின் மேலும் டான்டலத்தை ஆவியிலிருந்து படியவைப்பார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சியின் இம்ப்ளெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது, 2004இல் சிம்மர் அதை வாங்கியது, இப்போது டிரபெகுலர் மெட்டல் என்ற பெயரில் விற்கிறது. கன அளவில் 75 முதல் 85 சதவீதம் வெறும் துளை, ஒவ்வொரு துளையும் சுமார் அரை மில்லிமீட்டர். விறைப்பை ஜிகாபாஸ்கல் என்ற அலகில் அளப்பார்கள்: திட டைட்டானியக் கலவைக்குச் சுமார் 110, நம் கெட்டி எலும்பு 15, 20க்குப் பக்கம், இந்த நுரை உலோகமோ 3தான். உலோகம் ரொம்ப விறைப்பாக இருந்தால் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும், பக்கத்து எலும்பு வேலையில்லாமல் கரையும், அதனால்தான் இந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு.

ஒன்றை மட்டும் அவளிடம் மறைக்காதீர்கள். டான்டலம் பெரும்பாலும் இடுப்பு மூட்டுக் கிண்ணம் மாதிரி எலும்போடு ஒட்டும் இடங்களில்தான் பயன்படுகிறது, தசைநாண் ஒட்டுவது இன்னும் சின்ன வட்டாரம். நாய்களில் செய்த ஆய்வுகளில் வாரம் போகப் போகப் பிடிப்பு கூடியது உண்மை. ஆனால் இயற்கையில் நாண் எலும்பைச் சேரும் இடத்தில் மெத்தென்ற நாணிலிருந்து நார்க்குருத்தெலும்பு, பிறகு சுண்ணாம்பேறிய குருத்தெலும்பு, கடைசியில் எலும்பு என்று படிப்படியாக இறுகிக்கொண்டே போகும், அத்தனையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள்! உலோகத் துளையில் வளர்வது அந்த அடுக்கு இல்லை, தழும்பு மாதிரியான நார்த்திசு. நாணை நேரடியாகப் பாரம் தாங்கவைத்தால் அந்த எல்லையில்தான் கிழியும். இதற்கு முழு விடை இன்னும் யார் கையிலும் இல்லை. அவளுக்கு நான் இந்தத் துறையைச் சிபாரிசு செய்வதும் இதனால்தான்.

இப்போது அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். டைட்டானியப் பொடியை லேசர் அல்லது எலக்ட்ரான் கற்றையால் உருக்கி அடுக்கடுக்காக அச்சடிப்பது, துளைக்குள் சிக்கிய பொடியை வெளியேற்றப் போராடுவது, அதே மாதிரியைத் திரும்பத் திரும்ப லட்சக்கணக்கான தடவை அழுத்தி எங்கே விரிசல் விடுகிறது என்று பார்ப்பது, வெட்டித் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைப்பது, அப்புறம் கத்தை கத்தையாக ஆவணம். இதில் முக்கால்வாசி உலோகவியல், மெக்கானிக்கல். உடம்பைப் பற்றிய பாடத்தை எம்.டெக்கில் பிடித்துவிடலாம், ஆனால் உலோகம் ஏன் களைத்து உடைகிறது என்ற அடிப்படையை 22 வயதுக்கு மேல் தனியாக உட்கார்ந்து படிப்பவர்கள் குறைவு. பி.இ. பயோமெடிக்கலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை முடிக்கும் நிறையப் பேர் ஆஸ்பத்திரிக் கருவிப் பராமரிப்பு, சர்வீஸ், விற்பனை என்றுதான் போகிறார்கள். நல்ல வேலைகள்தான், உங்கள் பொண்ணு கேட்பது அது இல்லை.

பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் கவலை வேண்டாம். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, உயிரியல் மார்க் கணக்கிலேயே வராது. எனவே கடைசி மாதங்களில் நீட்டுக்கும் சேர்த்து ஓடவைத்து கணக்கைக் கோட்டைவிடாதீர்கள். மெட்டலர்ஜிக்கு கோவை பி.எஸ்.ஜி. டெக், சேலம் அரசு பொறியியல் கல்லூரி இரண்டையும் பாருங்கள், ஜே.இ.இ. நன்றாக எழுதினால் திருச்சி என்.ஐ.டி. இருக்கிறது. பிறகு எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வு. மெட்டலர்ஜிக்கு ஒரு தாள், பயோமெடிக்கலுக்கு 2020 முதல் தனித் தாள். ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக் ஒன்று உண்டு. பொறியாளர் மருத்துவமனைக்குள்ளேயே இருந்து படிப்பது, அவள் அதைக் குறிவைக்கட்டும்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். கேட் மூலம் எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை இருந்தால் 37,000 ரூபாய். சாஃப்ட்வேருக்குப் போன அவள் தோழி அப்போது காரே வாங்கியிருப்பாள். அந்த ஒப்பீட்டைத் தாங்க முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள், அவளைவிட உங்களுக்குத்தான் அது கஷ்டமாக இருக்கும். ஆராய்ச்சி ஒத்துவராவிட்டால் பக்கவழியும் இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் மருத்துவச் சாதன விதிகள்படி இம்ப்ளாண்ட் (உடம்புக்குள் பொருத்தும் சாதனம்) தயாரிக்க உரிமம், ஐ.எஸ்.ஓ. 13485 தர முறை எல்லாம் வேண்டும், அந்தக் காகிதம் தெரிந்த பொறியாளரைக் கம்பெனிகள் தேடுகின்றன. இம்ப்ளாண்ட் வேண்டாம் என்று பின்னால் மனம் மாறினாலும் மெட்டலர்ஜி படித்தவளுக்கு வார்ப்பாலை, ஆட்டோமொபைல், விமானப் பாகங்கள் என்று இடம் இருக்கிறது.

கலந்தாய்வின் சாய்ஸ் ஃபில்லிங்கில் நல்ல கல்லூரி மெட்டலர்ஜி முதலில், மெக்கானிக்கல் அடுத்து, அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மட்டும் பயோமெடிக்கல் மூன்றாவது. கம்ப்யூட்டர் சயின்ஸைக் கடைசியில் போடலாம், அவள் சம்மதித்தால். சம்மதிக்கவில்லை என்றால் ராத்திரி அவள் தூங்கிய பிறகு லாகின் பண்ணி வரிசையை மாற்றாதீர்கள், அப்படிச் செய்த அப்பாக்களை எனக்குத் தெரியும்.