கிட் இல்லாமல் ரோபோ சொல்லித் தரலாமா?

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். ரோபோடிக்ஸ் அறிமுகம் செய்யச் சொல்கிறார்கள். கிட் கிடையாது, எனக்குப் பயிற்சியும் இல்லை. வகுப்பில் 38 பேர். எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை

கிட் இல்லாததைக் குறையாகவே நினைக்காதீர்கள் டீச்சர். இருந்திருந்தாலும் முதல் இரண்டு வாரம் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லியிருப்பேன். பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஸ்க்ரூ முடுக்குவார்கள், வண்டி ஓடும், கைதட்டுவார்கள், ஏன் ஓடியது என்று கேட்டால் முழிப்பார்கள். ரோபோவுக்கு மூன்று வேலை: சுற்றி நடப்பதை உணர வேண்டும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டும், அதன்படி அசைய வேண்டும். மூன்றையும் நம் பிள்ளைகள் உடம்பாலேயே செய்து பார்க்கலாம்.

முதல் நாள் ஒரு மாணவனை ரோபோவாக்கி, கையில் சாக்பீஸ் கொடுத்து, தரையில் கோலம் போடச் சொல்லுங்கள். அவன் சொந்தமாக எதையும் யோசிக்கக் கூடாது, மற்றவர்கள் தாளில் எழுதிய கட்டளையை மட்டும் செய்ய வேண்டும். அணைக்கட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இதைச் செய்தபோது 'வலது பக்கம் திரும்பு' என்று எழுதியிருந்தார்கள். ரோபோவாக இருந்த பையன் திரும்பினான், திரும்பிக்கொண்டே இருந்தான், எவ்வளவு என்று யாரும் எழுதவில்லையே! வகுப்பே சிரித்தது, அப்புறம் அவர்களாகவே '90 டிகிரி' என்று திருத்தினார்கள். கணக்குப் பாடத்தில் படித்த கோணம் எதற்கு என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது. கடைசி பெஞ்சில், தினமும் வாசலில் கோலம் போடுகிற ஒரு பெண் எழுந்து, "சதுரத்துக்கு ஒரே வேலையைத்தானே நாலு தடவை எழுதுறோம், ஒரு தடவை எழுதிட்டு 'நாலு தடவை செய்'னு போட்டா போதாதா சார்?" என்றாள். கம்ப்யூட்டர்காரர்கள் லூப் என்பது அதைத்தான். சிறுவர்களுக்காக 1967-ல் அமெரிக்காவில் உருவான லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியும் இதே வழியில்தான் போனது. அதில் ஓர் ஆமைக்கு 'முன்னால் போ, வலது திரும்பு' என்று கட்டளை கொடுத்துப் படம் வரைவார்கள்.

இரண்டாவது வாரம் அசைவு. ஊசியில்லாத புதிய 10 மில்லி சிரிஞ்ச் இரண்டு, மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூப் ஒரு முழம் போதும். முதலில் உள்ளே காற்றை வைத்தே அழுத்தட்டும், எதிர் சிரிஞ்ச் சோம்பலாக நகரும். பிறகு தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் பார்த்து அழுத்தட்டும், இந்தப் பக்கம் தள்ளியதும் அந்தப் பக்கம் கிளம்பும். காற்று சுருங்கும், தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது, வித்தியாசம் அவ்வளவுதான். இதை அட்டைப்பெட்டியில் வெட்டிய கையோடு இணைத்தால் அது சாக்பீஸைத் தூக்கும். ஜேசிபியின் கை எண்ணெயில் இப்படித்தான் வேலை செய்கிறது என்று சொன்னால் அடைத்த திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்கிற பாஸ்கல் விதியைத் தனியாக நடத்த வேண்டியதே இல்லை.

அடுத்தது மோட்டார். டிவி ரிப்பேர் கடையில் கேட்டுப் பாருங்கள், பழைய டிவிடி பிளேயரில் சின்ன மோட்டார் இருக்கும். அதன் அச்சில் ரப்பர் துண்டை ஓரமாகக் குத்தி, பேப்பர் கப்பின் மேல் ஒட்டி, மூன்று ஸ்கெட்ச் பேனாவைக் காலாக வைத்து, 1.5 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் அது குதித்துக்கொண்டே வட்டம் வட்டமாகக் கிறுக்கும். அப்போது கேளுங்கள்: இது ரோபோவா? என் பதில், இல்லை. அது எதையும் உணரவில்லை. ஆனால் உடனே சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் சண்டை போட்டு முடிவுக்கு வரட்டும். யாராவது 'சுவரில் இடித்தால் நிற்கணும் டீச்சர்' என்பார்கள், அங்கிருந்துதான் சென்சார், அதாவது உணரும் பாகம் பற்றிய பாடம் தொடங்குகிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குழுவில் பையன்கள் மோட்டாரைப் பிடுங்கிக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டு எழுதுவார்கள். நான் போன இடங்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்த்தேன், பார்க்கவே வருத்தமாக இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். பிளக்கில் சொருகும் எதுவும் வேண்டாம், பழைய செல்போன் பேட்டரியும் வேண்டாம். அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க 2022 முதல் வானவில் மன்றம் இருக்கிறதே, உங்கள் பள்ளிக்கு வரும் கருத்தாளரிடம் பொருள்களுக்கு உதவி கேளுங்கள்.

மகள் 6-ஆம் வகுப்பு. கோடை வகுப்பில் பெரிய தொகைக்கு கிட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு தந்தை, காட்பாடி

இப்போது வேண்டாம் சார். கட்டளைகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிக் கம்ப்யூட்டர் நிரல் எழுதப் பழக்கும் ஸ்கிராட்ச் இலவசம், முதலில் அதில் மூன்று மாதம் விளையாடட்டும். மைக்ரோபிட் என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டுக்கான நிரலை, போர்டு வாங்காமலேயே மேக்கோட் இணையதளத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கப்புறமும் அவளே கேட்டால் போர்டை மட்டும் வாங்குங்கள். வகுப்பில் சேர்ப்பதென்றால், பிள்ளைகள் செய்து சரியாக வராமல் போனதைக் காட்டச் சொல்லுங்கள், அப்படி எதுவும் இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்தே ஓடும் என் லைன் ஃபாலோவர் ரோபோ வீட்டில் ராத்திரி கோடு மாறாமல் ஓடியது. பள்ளிக் கண்காட்சியில் காலை 11 மணிக்கு வராண்டாவில் வைத்ததும் கண்டபடி ஓடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். என்ன தப்பு செய்தேன் சார்?
– 8-ஆம் வகுப்பு மாணவன், ராணிப்பேட்டை

உன் ரோபோவில் தப்பில்லை தம்பி. சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தரையில் அடித்துத் திரும்பி வருவதைப் பார்க்கிறது. வெள்ளைத் தரை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். சூரிய வெளிச்சத்திலும் அதே கதிர் நிறைய இருக்கிறது, அதிலும் நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். கறுப்புக் கோட்டின் மேல் நின்றாலும் கதிர் வந்துகொண்டே இருப்பதால் சென்சார் வெள்ளை என்று நினைத்துக்கொள்ளும்.

கறுப்பு சார்ட்டில் சின்னக் குழாய் செய்து சென்சாரைச் சுற்றி ஒட்டு, தரைக்கும் அதற்கும் 1 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சென்சாரிலிருந்து கதிர் வருகிறதா என்று சந்தேகம் வந்தால் போன் கேமரா வழியாகப் பார், பெரும்பாலான போனில் லேசான ஊதா நிறம் தெரியும். அப்படியும் வளைவில் விலகினால் வேகத்தைக் குறை, மெதுவாகப் போகிறது என்று கேலி செய்தால் கவலைப்படாதே, 2023-ல் நிலவில் ஓடிய சந்திரயான்-3-இன் ஊர்தி பிரக்யானின் வேகமே நொடிக்கு 1 சென்டிமீட்டர்தான். அடுத்த முறை வைக்கப்போகிற இடத்துக்கே முந்தின நாள் அதே 11 மணிக்குப் போய், அந்த வெளிச்சத்தில் சென்சாரின் உணர்திறனை மாற்றும் சின்ன ஸ்க்ரூவைத் திருகிச் சரிபார்த்துவிட்டு வா.