தோட்டக்காரர் போய்விட்டார், பூ நிற்கவில்லை: வாசகர் கேள்வி – பதில்

சிறு பூத்தோட்டம் ஒன்றில் திடீர் இழப்பு நேர்ந்தால் சுற்றியிருப்பவர்கள் எப்படிக் கைகொடுப்பது? இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன வாரம் மாரடைப்பில் திடீரென்று இறந்துவிட்டார். ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம்தான். ரோஜா, ஜின்னியா, டாலியா, கொஞ்சம் கிளாடியோலஸ் இருக்கிறது. எந்தப் பாத்தியில் என்ன, எப்போது உரம், யாருக்கு எவ்வளவு பூ என்ற கணக்கெல்லாம் அவர் மனசில்தான் இருந்தது. அண்ணி இன்னும் எழுந்து உட்காரவில்லை. பத்துப் பதினைந்து பேர் உதவத் தயாராக இருக்கிறோம். எங்கே தொடங்குவது?
— பக்கத்து நிலத்துக்காரர்

பதில்: தண்ணீரில் தொடங்குங்கள். களை ஒரு வாரம் பொறுக்கும். பூத்த பூ ஓரிரு நாள் பொறுக்கும். குழித்தட்டில் இருக்கும் நாற்று வெயிலில் அரை நாள்கூடத் தாங்காது. முதல் நாளே இரண்டு பேர் நோட்டும் கையுமாக மோட்டாரைப் போட்டு, வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எதைத் திறந்தால் எந்தப் பாத்தி நனைகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வால்விலும் எண் எழுதிய துணியைக் கட்டிவிடுங்கள். அண்ணன் மனசில் இருந்த கணக்கில் முதலில் தாளுக்கு வர வேண்டியது இந்த வரைபடம்தான்.

சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது என்பதாலேயே செடிக்குத் தண்ணீர் போகிறது என்று நம்பிவிடாதீர்கள். குழாயின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு சொட்டுவான்களின் (குழாயில் தண்ணீர் சொட்டும் வாய்) கீழே ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தை வையுங்கள். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான் 15 நிமிடத்தில் அரை லிட்டர் தர வேண்டும். 4 லிட்டர் வகை என்றால் ஒரு லிட்டர். இரண்டு பாத்திரத்திலும் குறைந்தால் முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். கடைசிப் பாத்திரத்தில் மட்டும் குறைந்தால் குழாயின் நுனி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட விடுங்கள். பல நாள் யாரும் பார்க்காத குழாயில் அழுக்கு சேர்வது நுனியில்தான்.

உரத்தொட்டியைத் தொட வேண்டாம். அதில் என்ன கரைத்திருக்கிறது, எத்தனை நாளைக்கு என்பது தெரியாது. பத்து நாள் வெறும் தண்ணீர் மட்டும் கிடைத்தால் செடி கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். இரட்டிப்பு உரம் போனாலோ வேர் கருகும், அந்தச் செடியைப் பிறகு தேற்றுவது கடினம். மருந்து வைத்திருக்கும் அறையைப் பூட்டிச் சாவியை வீட்டாரிடம் கொடுங்கள். கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்று குறிப்பு கிடைத்தால், அந்த மருந்தின் லேபிளில் போட்டிருக்கும் இடைவெளி கழியும்வரை அந்தப் பாத்திக்குள் யாரும் இறங்கக் கூடாது.

அண்ணியிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். பதினைந்து பேரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டால் அவர் நொறுங்கிவிடுவார். அந்த ஒருவர் எல்லாக் கேள்வியையும் எழுதி வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மட்டும் கேட்கட்டும். மற்றவர்களை ஐந்து பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாளி கழுவுவது, பூத்து முடிந்த பூவைக் கிள்ளுவது, பூ கொண்டுபோய்க் கொடுப்பது, மூடாக்குப் போடுவது (மண்ணை வைக்கோல், சருகால் மூடுவது) எல்லாம் புதியவர்கள் தாராளமாகச் செய்யலாம். கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குவது), மருந்தடிப்பு, உரம் மூன்றும் தெரிந்தவர் வரும்வரை காத்திருக்கட்டும். களை எடுப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு இலை விட்ட நாற்றையும் களையையும் புதிய கண்ணுக்குப் பிரித்துப் பார்க்க வராது. விதைத்த வரிசையின் இரண்டு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டி, கயிற்றையொட்டி ஒரு சாண் அகலத்துக்குள் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

வாங்க ஆள் இல்லாவிட்டாலும் பூவை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜின்னியா போன்ற ஒருபருவச் செடிகள் விதை கட்டத் தொடங்கினால் புது மொட்டு விடுவது குறைந்துபோகும்.

இனி, பெரும்பாலோர் மறந்துவிடும் விஷயம். முதல் வாரத்திலேயே விதையுங்கள். பத்து நாளைக்கு ஒரு தரம் விதைத்து வந்த தோட்டத்தில் மூன்று வாரம் விதைப்பு நின்றுபோனால் இன்றைக்கு எதுவும் தெரியாது. பாத்தி நிறையப் பூ இருக்கும். ஜின்னியா விதைத்து 60–70 நாளில் வெட்டுக்கு வருகிறது. அப்படியென்றால் விதைக்காத அந்த மூன்று வாரம், இரண்டு மாதம் கழித்து வெட்ட ஒன்றுமில்லாத மூன்று வாரமாக வந்து நிற்கும். அந்தச் சமயத்தில் உதவிக்கு வந்தவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். வழக்கமாக வாங்கியவர்கள் வேறிடம் பார்த்திருப்பார்கள். குடும்பத்தின் கையில் பணமும் இருக்காது. தோட்டம் கைவிட்டுப் போவது பல நேரம் அப்போதுதான்.

பழக்கமில்லாத கைக்கு ஏற்றது ஒற்றைத் தண்டுச் சூரியகாந்தி. நேரடியாக நிலத்தில் 2–3 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் விதைக்கலாம். நுனி கிள்ள வேண்டியதில்லை. பல ரகங்கள் 50–60 நாளில் பூக்கும். பழைய டப்பாவில் இருக்கும் விதை முளைக்குமா என்ற சந்தேகம் வந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். நான்குதான் முளைத்தது என்றால் இரண்டு பங்கு போடுங்கள்.

கேள்வி: நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து இரண்டு நாள் பூ வெட்டிக் கொடுத்தோம். ஜின்னியா மறுநாளே தலை தொங்கிவிட்டது, ரோஜா விரியவே இல்லை என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள். என்ன தப்பு செய்தோம்?
— உதவிக் குழுவில் உள்ள வாசகி

பதில்: இரண்டுமே பருவம் வரும் முன் வெட்டியதால் வந்த வினை. ஜின்னியா பூவைப் பார்த்து வெட்டக் கூடாது, தண்டைப் பார்த்து வெட்ட வேண்டும். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கழுத்து வளைந்து தலை தனியாக ஆடினால் இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். குச்சிபோல் மொத்தமாக அசைந்தால் வெட்டலாம். ரோஜாவில் மொட்டைச் சுற்றியுள்ள பச்சைப் புல்லிவட்டம் கீழ்நோக்கி மடங்கி, வெளி இதழ் ஒன்றிரண்டு தளர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் வெட்டினால் கழுத்துப் பகுதி முற்றாமல் வளைந்துவிடும், மொட்டு அப்படியே காய்ந்துபோகும். டாலியா இதற்கு நேர்மாறு. வெட்டிய பிறகு அதிகம் விரியாது என்பதால் முக்கால் பங்குக்கு மேல் விரிந்த பிறகே வெட்டுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கடைசி வரிசை இதழ் வாடிக் காகிதம்போல் ஆகியிருந்தால் அது நேற்றே வெட்டியிருக்க வேண்டிய பூ. கிளாடியோலஸ் கதிரில் அடிப்பூ ஒன்றிரண்டில் நிறம் தெரிந்ததும் வெட்டலாம். செடியில் குறைந்தது நான்கு இலையாவது நிற்கட்டும். அடுத்த பருவத்துக்கான கிழங்கு அந்த இலையால்தான் பருக்கும்.

வெயில் ஏறும் முன் வெட்டி முடியுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலை எல்லாவற்றையும் உருவிவிட்டு, வெட்டிய கையோடு வாளியில் வையுங்கள். வாளி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுவழு என்றிருந்தால் அது பாக்டீரியாப் படலம். அது தண்டுக்குள் ஏறி நீர்ப்பாதையை அடைத்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு சேர்த்துக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். பிளீச்சோடு ஆசிட்டோ வேறு துப்புரவுத் திரவமோ சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். வெட்டிய பூ சில மணி நேரமாவது நிழலில் தண்ணீர் குடித்த பிறகு கட்டுப் போடுங்கள். இதழ் ஈரமாக இருக்கும்போது பெட்டிக்குள் அடைத்தால் சாம்பல் பூசணம் வரும். பழம் வைத்திருக்கும் குளிர்பெட்டியில் பூவை வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

கேள்வி: தோட்டத்தில் நாற்பது வகை டாலியா இருக்கிறதாம். எது எது என்று இறந்தவருக்கு மட்டும்தான் தெரியும். கிழங்கு தோண்டும் காலம் வருகிறது. என்ன செய்யலாம்?
— இறந்தவரின் தங்கை

பதில்: தோண்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாதம்மா. இரண்டு கிழங்கை அருகருகே வைத்தால் எது வெள்ளைப் பூ, எது சிவப்புப் பூ என்று யாராலும் சொல்ல முடியாது. செடியில் பூ இருக்கும்போதே அடையாளம் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எண் எழுதுங்கள். மார்க்கர் வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். அந்தப் பட்டையும் பூவும் சேர்ந்து தெரியும்படி முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் எடுங்கள். பட்டையை மண்ணையொட்டி அடித்தண்டில் கட்டுங்கள். பூத்தண்டில் கட்டினால் பூ வெட்டுகிறவர் அதையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போய்விடுவார். பெயர் இப்போதைக்கு வேண்டாம், எண் போதும். பழைய ரசீது, கைபேசிப் படம் என்று தேடிப் பெயரைப் பிறகு பொருத்தலாம். ஊகித்த பெயரில் மட்டும் கிழங்கை விற்காதீர்கள். உங்கள் அண்ணன் சம்பாதித்த நம்பிக்கை அதில் போய்விடும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கிலும் பழைய தண்டின் அடிப்பகுதித் துண்டும் அதில் ஒரு முளைக்கண்ணும் இருக்க வேண்டும். எவ்வளவு பருத்த கிழங்கானாலும் கண் இல்லாவிட்டால் முளைக்காது. கண் தெரியவில்லை என்றால் கொத்தாகவே வைத்திருந்து, முளை கிளம்பும்போது பிரியுங்கள்.

கேள்வி: குடும்பத்துக்குப் பணம் திரட்டுகிறோம். சிலர் நன்கொடை தருகிறார்கள். சிலர் ‘பூவுக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?
— குழுப் பொருளாளர்

பதில்: ஒன்றல்ல. நன்கொடை கொடுத்ததோடு முடிந்தது. முன்பணம் பூவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். முதல் நாளிலிருந்தே இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

பருவத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்து, விளைச்சலையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் பகிர்ந்துகொள்ளும் முறை புதிதல்ல. ஜப்பானில் 1970-களில் ‘தெய்கெய்’ என்று பரவியது. அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷையரிலும் இரண்டு பண்ணைகள் இதே வழியில் தொடங்கின. நல்ல முறைதான். ஆனால் துக்க நேரத்தில் இரக்கத்தால் கை நீளும் அளவுக்கு அந்தத் தோட்டத்தால் பூக்க முடியாது. வாரம் 60 கட்டு வரும் என்று எண்ணினால் பங்குக்கு வாரம் ஒரு கட்டு என்று 30 பங்குக்கு மேல் முன்பணம் வாங்காதீர்கள். மீதி 30 அன்றாட விற்பனைக்கும் தவறிப்போவதற்கும் வேண்டும். ‘எந்தப் பூ என்று உறுதி சொல்ல முடியாது, சில வாரம் வராமலும் போகலாம்’ என்று ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. வாரம் ஒரு முறை வரவு செலவை அண்ணிக்குப் படித்துக் காட்டுங்கள்.

இறந்தவர் ஒப்புக்கொண்ட ஆர்டர்களை மறந்துவிடாதீர்கள். தேதி வாரியாகப் பட்டியல் எடுத்து, முன்பணம் கொடுத்தவர்களை நீங்களே முதலில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மற்றத் தோட்டக்காரர்களிடம் பூ வாங்கிக் கொடுக்கலாம், இருக்கும் பூவை வைத்து மாற்றிக் கொடுக்கலாம், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பலாம். நாற்றுக்கும் கிழங்குக்கும் அவர் கொடுத்திருந்த ஆர்டர்களையும் தேடிப் பாருங்கள். அனுப்பும் முன் பேசினால் தள்ளிவைக்க இடமுண்டு. வாசலில் வந்து இறங்கிய பிறகு அது கடன்.

கேள்வி: இங்கே உயிருக்கு ஒன்றுமில்லை. புயலில் நிழல்வலை சரிந்து, இரண்டு நாள் பாத்தியில் தண்ணீர் நின்றது. இருபது பேர் இறங்கிச் சரிசெய்யலாமா?
— ஒரு வாசகர்

பதில்: இன்றைக்கு இருபது பேர் இறங்குவதுதான் இரண்டாவது சேதமாக முடியும். நனைந்த மண்ணை மிதித்தால் இறுகிவிடும், ஏற்கெனவே காற்றில்லாமல் திணறும் வேருக்கு மூச்சுவிட வழியே இருக்காது. வரப்போரமாக நின்று வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியுங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்தும்போது உதிர்ந்தால் உள்ளே போகலாம். களிமண்போல் அமுங்கினால் இன்னும் பொறுக்க வேண்டும். காப்பீடு இருந்தால் எதையும் நகர்த்தும் முன் படம் எடுங்கள். நீரில் மூழ்கிய மோட்டாரை உலர்த்தி, மின்பணியாளர் பார்க்கும்வரை போடாதீர்கள். வலையைத் தாங்கும் கம்பியை இழுவிசை இருக்கும்போதே வெட்டினால் சாட்டைபோல் முகத்தில் அடிக்கும். முதலில் தளர்த்திவிட்டு அவிழுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் வேர்ப்பகுதிக்கு மண் அணைத்து, லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். வேர் உறிஞ்சாத சமயத்தில் இலை வழியாகக் கொஞ்சம் போகும். தண்ணீர் வடிந்த பிறகும் ஈரமண்ணில் நின்றுகொண்டு வாடும் செடியை ஒன்று பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பாகி, தோல் உறைபோல் கழன்று வந்தால் அது வேரழுகல். அந்த வரிசைக்கு உரம் போட்டு வீணாக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதமாக எல்லோரும் உழைக்கிறோம். இப்போது அண்ணி, ‘தோட்டத்தை நடத்த முடியுமா என்று தெரியவில்லை, கொஞ்ச நாள் விடுங்கள்’ என்கிறார். மனசு கேட்கவில்லை.
— தோழி

பதில்: விடுங்கள். தோட்டம் அவருடையது, முடிவும் அவருடையது. தொடரச் சொல்லி வற்புறுத்துவதும், விற்றுவிடச் சொல்லி அவசரப்படுத்துவதும் வேண்டாம். ஒரு பருவத்தைத் தள்ளிப்போட்டாலும் தோட்டம் பிழைத்திருக்கும்படி செய்து கொடுக்கலாம்.

பூத்து முடிந்த ஒருபருவச் செடிகளைத் தரையோடு வெட்டிவிடுங்கள், வேர் மண்ணிலேயே மட்கட்டும். வெறும் பாத்தியில் தட்டைப்பயறோ சணப்போ தூவி, அது பூக்கத் தொடங்கும் சமயத்தில் மண்ணோடு மடக்கி உழுதுவிட்டால் களையும் அடங்கும், மண்ணும் தேறும். ரோஜாவுக்கு மட்டும் தண்ணீர் விடுவதை நிறுத்தக் கூடாது. செடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள். எண் கட்டிய டாலியாக் கிழங்குகளைச் சற்றே ஈரமுள்ள தேங்காய் நாரிலோ மரத்தூளிலோ 4–10 டிகிரி குளிர்ச்சியில் வைத்து, மாதம் ஒரு முறை திறந்து அழுகியதைப் பொறுக்குங்கள். பயன்படாத சொட்டுநீர்க் குழாய்களை நுனி திறந்து கழுவிச் சுருட்டி, எந்தப் பாத்திக்குரியது என்று சீட்டுக் கட்டி நிழலில் வையுங்கள்.

ரோஜாவுக்குத் தண்ணீர் விடும் முறை இந்த வாரம் யார், அடுத்த வாரம் யார் என்று ஆறு மாதத்துக்குப் பெயர் எழுதி மோட்டார் அறைக் கதவில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே வால்வு வரைபடத்தின் ஒரு படியும் இருக்கட்டும்.